மலிவு .22 ரிவால்வரா, வெல கூடின .22 ரிவால்வரா? கேனும் பேப்பரும் சுட எது போதும்?

நீங்க கேட்டது இதான்: லைசென்ஸ் வேலையெல்லாம் முடிஞ்சது, வாரக்கடைசில ரேஞ்சுக்குப் போய் பேப்பர் டார்கெட், காலி கேன், ஸ்டீல் தட்டு இதெல்லாம் சும்மா ஜாலியா சுட ஒரு .22 ரிவால்வர் வேணும், ஹெரிடேஜ் ரஃப் ரைடர் இல்லன்னா ரூகர் ராங்லர் மாதிரி மலிவு ரகமே போதுமா, இல்ல இன்னும் ஒரு வருஷம் காசு சேத்து ஸ்மித் அண்ட் வெஸன் 617 வாங்கணுமா, நாலஞ்சு மடங்கு காசு குடுத்தா நாலஞ்சு மடங்கு நல்லா சுடுமா?

நாலஞ்சு மடங்கு நல்லா சுடாது. அது மட்டும் உறுதி. ஆனா காசு வீணும் இல்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு ஒரு பழமொழி இருக்குல்ல, வெல கூடின துப்பாக்கில குறி தப்புச்சுன்னா அது நம்ம ஆட்டம்தான் கோணல்னு தெளிவா தெரிஞ்சிரும், மலிவு துப்பாக்கில சில சமயம் கூடம் நெசமாவே கோணலா இருக்கும், எது கோணல்னு கண்டுபிடிக்கவே ரெண்டு மாசம் போயிரும். நீங்க குடுக்குற அதிகக் காசுல பெரும்பங்கு அந்தச் சந்தேகத்தப் போக்கத்தான் போகுது. அந்தச் சந்தேகம் உங்களுக்கு முக்கியமா இல்லையாங்கறதுதான் கேள்வியே.

.22 தோட்டா ரிம்ஃபயர் வகை, முதல்ல ரிம்ஃபயர்னா என்னன்னு ஒரு வரி சொல்லிடறேன், ஏன்னா மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வருது. பெரிய தோட்டால அடிப்பகுதி நடுவுல தனியா ஒரு ப்ரைமர், அதாவது அடிச்சா பத்திக்கிற சின்ன மூடி, இருக்கும், .22ல அது கிடையாது, கேஸோட, அதாவது தோட்டா உறையோட, விளிம்பு மடிப்புக்குள்ளயே அந்த வெடிமருந்து இருக்கும், ஹாமர் (துப்பாக்கியோட சுத்தியல்) அடிச்சு ஃபயரிங் பின்ங்கற ஊசி அந்த விளிம்ப நசுக்கினாதான் பத்தும். நம்ம சுடுற .22 லாங் ரைஃபிள் (சுருக்கமா எல்ஆர்) தோட்டா 1887ல வந்தது, அதுக்கு அப்பனான .22 ஷார்ட் 1857ல ஸ்மித் அண்ட் வெஸனோட முதல் ரிவால்வரோட சேந்தே வந்தது, அதனால ரிவால்வரும் ரிம்ஃபயரும் ஒண்ணாப் பொறந்த ஜோடின்னே சொல்லலாம். விளிம்ப நசுக்கணும்னா ஹாமர் நல்லா ஓங்கி அடிக்கணும், ஓங்கி அடிக்கணும்னா ஸ்பிரிங் கனமா இருக்கணும், ஸ்பிரிங் கனமா இருந்தா ட்ரிக்கரும் கனம். வெல கூடின .22 ரிவால்வர்லகூட டபுள் ஆக்ஷன் ட்ரிக்கர் (அழுத்தினாலே ஹாமரும் பின்னாடி போற வகை) அதே கம்பெனியோட பெரிய தோட்டா .38 ரிவால்வர விட கனமா இருக்கறது இதனாலதான், அதப் பாத்து ஏமாந்துட்டோமோன்னு நெனைக்காதீங்க.

இப்ப மலிவு ரகத்துல காச எங்க மிச்சம் பண்றாங்கன்னு பாப்போம். ரஃப் ரைடர்ல ஃப்ரேம், அதாவது துப்பாக்கியோட உடம்பு, துத்தநாகக் கலவைய அச்சுல ஊத்தி எடுத்தது, பேரலும், தோட்டா போடற சுத்து உருளையான சிலிண்டரும் எஃகு. ராங்லர் 2019ல வந்தது, அதுல ஃப்ரேம் அலுமினியக் கலவை, மேல பளபளப்பா பாலிஷ் போடாம செராகோட் பூச்சு. நிறைய பேர் துத்தநாகம்னு கேட்டதும் முகம் சுளிக்கிறாங்க, ஆனா .22 எல்ஆர் தோட்டாவோட உச்சபட்ச அழுத்தமே 24,000 பிஎஸ்ஐதான், அந்த அழுத்தத்தத் தாங்குறது எஃகு சிலிண்டர், ஃப்ரேம் இல்ல. ஒழுங்கா பாத்துக்கிட்டா ஆயிரக்கணக்குல சுடலாம். என்ன ஒண்ணு, ஸ்க்ரூவ ஓவரா முறுக்கினா மரை போயிரும், கீழ போட்டா எஃகு மாதிரி தாங்காது, பூச்சு உரிஞ்சா திரும்ப அழகாக்கறது கஷ்டம். பத்து வருஷம் கழிச்சு வித்தா பெருசா ஒண்ணும் தேறாது, ஆனா வாங்கும்போதே பெருசா ஒண்ணும் குடுக்கலையே.

அடுத்தது சைட், அதாவது குறி பாக்கற அமைப்பு. என்னக் கேட்டா வெல வித்தியாசத்தோட உயிர்நாடியே இங்கதான் இருக்கு, பேரல்ல இல்ல. மலிவு ரகத்துல முன்னாடி ஒரு நிலையான தகடு, பின்னாடி ஃப்ரேம் மேலயே வெட்டின ஒரு பள்ளம், அவ்ளோதான், திருப்ப ஸ்க்ரூ கிடையாது. தொழிற்சாலைல பேரல முறுக்கினவர் ஒரு எழை கூடக் குறைய முறுக்கியிருந்தா முன் தகடு லேசா சாஞ்சு நிக்கும், குண்டு எல்லாம் ஒரு பக்கமா போகும். கீழ அடிச்சா முன் தகட்ட அரத்தால கொஞ்சம் கொஞ்சமா தேச்சா குண்டு மேல ஏறும், அது வீட்டுலயே பண்ணலாம், ஆனா ஒரு தடவ தேச்சது தேச்சதுதான், அதனால ரெண்டு தேய் தேச்சிட்டு ரேஞ்சுக்குப் போய் சுட்டுப் பாத்துட்டு அப்புறம்தான் அடுத்த தேய். மேல அடிச்சா தகட்ட உயரமாக்கணும், அதுக்கு ஆசாரி வேலை தெரிஞ்ச துப்பாக்கி மெக்கானிக்தான் வேணும். இடமோ வலமோ போனா இன்னும் சிரமம், பேரலத்தான் லேசா திருப்பணும். 617லயோ ரூகரோட இன்னொரு .22 ரிவால்வரான சிங்கிள் சிக்ஸ்லயோ பின் சைட்ல ஒரு சின்ன ஸ்க்ரூ ட்ரைவர் வச்சு ரெண்டு க்ளிக், வேலை முடிஞ்சது, வேற கம்பெனி தோட்டாவுக்கு மாறினா திரும்ப ரெண்டு க்ளிக்.

இதுல ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க, சுவாரசியமா இருக்கும். ராங்லர் மாதிரி குட்டை பேரல் துப்பாக்கில முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல சுமார் 150 மில்லிமீட்டர்னு வைங்க. சைட்ட நேர் பாக்கும்போது அர மில்லிமீட்டர் பிசகினா 10 மீட்டர்ல குண்டு 33 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். கூல்ட்ரிங்க்ஸ் கேன் ஒண்ணோட விட்டம் 66, அதாவது நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் சரியா 33. அதனால 10 மீட்டர்ல அர மில்லிமீட்டர் பிசகினாலும் கேன் ஓரத்துல தட்டி ஆடும், நீங்களும் சந்தோஷப்படுவீங்க. 25 மீட்டருக்குப் போனீங்கன்னா அதே பிசகு 83 மில்லிமீட்டர், கேன் அசையாது. ஆறு அங்குல பேரல் 617ல சைட் இடைவெளி 190 கிட்ட வரும், அதே பிசகுக்கு 25 மீட்டர்ல 66 ஆகும். தப்புதான், ஆனா கொறஞ்ச தப்பு. அதனால உங்க ரேஞ்சுல எவ்ளோ தூரம்ங்கறத முதல்ல பாருங்க. பத்து மீட்டருக்குள்ளதான்னா மலிவு துப்பாக்கிக்கும் வெல கூடினதுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்த கேன் காட்டிக்குடுக்காது. இருபத்தஞ்சுன்னா நல்லாவே காட்டும்.

சிலிண்டர் விஷயம் ஒண்ணு சொல்லணும், இது என் சொந்த அனுபவம், பிராண்ட் பேர் வேணாம். முதல் முதல்ல வாங்கின மலிவு ரிவால்வர்ல ஆறு குண்டு சுட்டா அஞ்சு ஒரு முட்டை அளவுக்குள்ள கூட்டமா விழும், ஒண்ணு மட்டும் இடப்பக்கமா நாலு விரல் தள்ளி தனியா நிக்கும். நான் ட்ரிக்கர இழுக்கறதுலதான் தப்புன்னு மூணு வாரம் விரலயே பாத்துக்கிட்டிருந்தேன், பிடிய மாத்தினேன், மூச்ச மாத்தினேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரு பெரியவர், ரேஞ்சுல எப்பவும் கடைசி லேன்ல உக்காந்திருப்பாரு, பாத்துட்டு வந்து "தம்பி, சிலிண்டருக்கு நம்பர் போடுப்பா"ன்னாரு. பெர்மனன்ட் மார்க்கர்ல ஒவ்வொரு ஓட்டை பக்கத்துலயும் ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் எழுதினேன், துப்பாக்கிய மணல் மூட்டை மேல சாய்ச்சு வச்சு, ஒண்ணாம் நம்பர் ஓட்டைல மட்டும் தோட்டா போட்டு அஞ்சு தடவ ஒரு பேப்பர்ல, ரெண்டாம் நம்பர் வேற பேப்பர்ல, இப்படி ஆறு பேப்பர். நாலாம் நம்பர் பேப்பர எடுத்து வெளிச்சத்துல பிடிச்சா அஞ்சு ஓட்டையும் இடது பக்கம், அழகா ஒரே இடத்துல. அந்த ஓட்டை பேரலோட நேர்கோட்டுல நிக்கல, குண்டு பேரலுக்குள்ள நுழையும்போது ஒரு பக்கம் சீவிக்கிட்டு நுழையுது, சில தடவ பக்கத்து லேன்காரர் கன்னத்துல ஈயப்பொடி சுருக்குன்னு பட்டதுக்கும் அதான் காரணம். அதுக்கப்புறம் நாலாம் ஓட்டைய காலியா விட்டு அஞ்சு தோட்டா போட்டே சுட்டேன், துப்பாக்கி நல்லாதான் இருந்தது. ஆனா அந்த மூணு வாரம் என் விரல நானே சந்தேகப்பட்டேன்ல, அதத்தான் மேல சொன்னேன்.

வெல கூடினதுல இந்தத் தப்பு வரவே வராதான்னா வரும், ஆனா அபூர்வம். இதோட உச்சத்தப் பாக்கணும்னா ஃப்ரீடம் ஆர்ம்ஸ்னு அமெரிக்கால வயோமிங் மாநிலத்துல ஒரு கம்பெனி இருக்கு, அவங்க சிலிண்டர ஃப்ரேம்ல மாட்டி பேரல் இருக்கற நேர்கோட்டுலயே ஒவ்வொரு ஓட்டையும் துளைக்கிறாங்க, அதனால ஓட்டையும் பேரலும் பிசகறதுக்கு வழியே கம்மி. அதோட வெலைல 617 ரெண்டு மூணு வாங்கலாம். ஜாலியா கேன் சுடறதுக்கு அது தேவையே இல்ல, ஆனா காசு எதுக்குப் போகுதுன்னு புரிஞ்சிக்க நல்ல உதாரணம்.

ட்ரிக்கருக்கு வருவோம். ரஃப் ரைடர், ராங்லர் ரெண்டுமே சிங்கிள் ஆக்ஷன், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால ஹாமரப் பின்னாடி இழுத்து நிறுத்தணும், ட்ரிக்கர் அத விடறது மட்டும்தான் பண்ணும். அதனால மலிவா இருந்தும் அதோட ட்ரிக்கர் மோசம் இல்ல, கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும், ஐநூறு குண்டு போனா தானா வழவழன்னு ஆயிரும். இங்கதான் பலர் கோட்டை விடறாங்க, மலிவு சிங்கிள் ஆக்ஷனயும் வெல கூடின டபுள் ஆக்ஷனயும் ஒரே சாமானோட ரெண்டு தரம்னு நெனைச்சு ஒப்பிடறாங்க, அது ரெண்டும் வேற வேற விளையாட்டு. 617ல ட்ரிக்கர அழுத்தினாலே ஹாமர் பின்னாடி போய், சிலிண்டர் சுத்தி, சுடும், அந்த இழுப்பு 10 பவுண்டு சுத்தி கனமா இருக்கும், அந்தக் கனத்த துப்பாக்கி அசையாம இழுக்கக் கத்துக்கறதுதான் ரிவால்வர் சுடறதுல இருக்கற நெசமான வித்தை. 1931ல ஸ்மித் அண்ட் வெஸன் கே-22 கொண்டு வந்ததோட அர்த்தமே அதான், பெரிய தோட்டா ரிவால்வர் சுடறவங்க அதே அளவு பிடி, அதே எடை துப்பாக்கில மலிவு தோட்டா போட்டுப் பழகட்டும்னு. 617 அந்த வம்சத்துல வந்தது, அதே நடுத்தர அளவு கே ஃப்ரேம், துருப்பிடிக்காத எஃகு, ஆறு அங்குல பேரல்னா எடை ஒண்ணேகால் கிலோ கிட்ட. அந்தக் கனம் கைய ஆட விடாது. ராங்லர் சுமார் 850 கிராம்தான்.

மலிவு டபுள் ஆக்ஷனும் இருக்கு, டாரஸ் 942 மாதிரி, எட்டு குண்டு. சின்ன ஃப்ரேம், சின்னப் பிடி, கனமான இழுப்பு, மூணும் சேர்ந்தா புதுசா பழகறவங்க ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கிய கீழ இழுத்துருவாங்க. ஹாமர இழுத்து நிறுத்தி சுட்டா நல்லாவே சுடும், ஆனா அப்படி மட்டும்தான் சுடப்போறீங்கன்னா சிங்கிள் ஆக்ஷன் வாங்கறது இன்னும் மலிவு, இன்னும் எளிமை. என் பரிந்துரை, டபுள் ஆக்ஷன் வேணும்னா அதுல மட்டும் மலிவப் பாக்காதீங்க.

என் மச்சானுக்குச் சொல்லிக்குடுக்கும்போது 617ஐத்தான் குடுத்தேன், ஒரு சின்ன வேலை பண்ணேன், பத்து ஓட்டைல ஆறுல தோட்டா, நாலுல ஏற்கனவே சுட்ட காலி கேஸ், அவருக்குத் தெரியாம கலந்து போட்டு சிலிண்டர சுத்தி மூடிக் குடுத்தேன். முதல் மூணு வெடிச்சது, நாலாவது க்ளிக்னு மட்டும் சத்தம், ஆனா பேரல் முனை படக்குனு ஒரு விரல்கடை கீழ குனிஞ்சது. ரெண்டு பேருமே பாத்தோம். சத்தத்துக்கு முன்னாடியே உடம்பு பயந்து தள்ளுது, அதான் குண்டு எல்லாம் கீழ போச்சு. அரைமணி நேரத்துல க்ளிக் வந்தாலும் முனை அசையாத அளவுக்கு வந்துட்டாரு. இத சிங்கிள் ஆக்ஷன்லயும் பண்ணலாம், வேலை செய்யும், ஆனா நீளமான டபுள் ஆக்ஷன் இழுப்புல தப்பு பெருசாத் தெரியும், அதனால திருத்தமும் சீக்கிரம் வரும்.

தோட்டா போடறது எடுக்கறதப் பத்தி யாரும் வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்கறதில்ல. சிங்கிள் ஆக்ஷன்ல வலப்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதத் தொறந்து சிலிண்டர ஒவ்வொரு ஓட்டையா நகத்தி ஒண்ணு ஒண்ணா போடணும், எடுக்கும்போது கீழ இருக்கற கம்பியத் தள்ளி ஒண்ணு ஒண்ணா வெளிய தள்ளணும். ராங்லர்ல கதவத் தொறந்தாலே சிலிண்டர் ரெண்டு பக்கமும் சுத்தும், ரஃப் ரைடர்ல பழைய முறைப்படி ஹாமர பாதி இழுத்து நிறுத்தணும். மெதுவான வேலை, ஒரு மணி நேரத்துல நூறு குண்டு போனாலே அதிகம், எனக்கு அது பிடிக்கும், தோட்டாவும் மிச்சம் ஆகும், மனசும் நிதானம் ஆகும். 617ல சிலிண்டர் பக்கவாட்டுல வெளிய வரும், கம்பிய ஒரு தட்டு தட்டினா பத்து கேஸும் ஒண்ணா விழும். விழணும். ஆனா .22 அழுக்கான தோட்டா, குண்டு மேல மெழுகு, எரியாத மருந்துத் துணுக்கு, ஈயம் எல்லாம் சேர்ந்து ஓட்டைக்குள்ள படிஞ்சிரும், ஓட்டையும் இறுக்கமா துளைச்சது, அதனால நூறு குண்டு தாண்டினா கேஸ் ஒட்டிக்கிட்டு உள்ளங்கையால ஓங்கித் தட்ட வேண்டி வரும். வெல கூடின துப்பாக்கி இப்படிப் பண்ணுதேன்னு ஆத்திரப்படாதீங்க, பையில ஒரு பித்தளை பிரஷ் வச்சுக்கங்க, அம்பது குண்டுக்கு ஒரு தடவ பத்து ஓட்டையயும் ஒரு இழு இழுத்து விட்டா போதும். கேஸத் தட்டும்போது பேரல் முனைய டார்கெட் பக்கமே வச்சு மேல் நோக்கித் தூக்கித் தட்டுங்க, கீழ் நோக்கித் தட்டினா மருந்துத் துணுக்கு கேஸ வெளிய தள்ற அந்த நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டருக்கு அடில போய் உக்காந்துக்கும், அப்புறம் சிலிண்டர் மூடாது, மூடினாலும் ட்ரிக்கர் கல்லு மாதிரி ஆயிரும். ரிப்பேர்னு கொண்டு வர்ற துப்பாக்கில பாதிக்கு ஒரு பழைய டூத் பிரஷ்தான் மருந்து.

பாதுகாப்பு அமைப்புல ஒரு முக்கியமான வித்தியாசம். ராங்லர், இப்ப வர்ற சிங்கிள் சிக்ஸ் ரெண்டுலயும் ட்ரான்ஸ்ஃபர் பார் இருக்கு, ட்ரிக்கர முழுசா இழுத்தாதான் ஹாமரோட அடி ஃபயரிங் பின்னுக்குப் போய்ச் சேரும், கீழ விழுந்தா சுடாது, அதனால ஆறும் நிரப்பலாம். ரூகர் இத 1973ல கொண்டு வந்தாங்க. சிங்கிள் சிக்ஸ் வந்தது 1953ல, நடுவுல இருபது வருஷம் வந்ததெல்லாம் பழைய முறை, பக்கவாட்டுல மூணு ஸ்க்ரூ தெரியும், அத செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா ஹாமருக்கு நேரா ஒரு ஓட்டை காலியா விட்டு அஞ்சுதான் போடணும், இதுல விட்டுக்குடுக்கவே கூடாது. ரஃப் ரைடர்ல ட்ரான்ஸ்ஃபர் பார் கிடையாது, இடப்பக்கம் கட்டைவிரல்ல தள்ற ஒரு சேஃப்டி லீவர், செவப்புப் புள்ளி தெரிஞ்சா சுடத் தயார். அந்த லீவர நம்பி ஆறு போடறவங்க உண்டு, நான் அதுலயும் அஞ்சுதான் போடுவேன்.

நடுத்தர வெலைல என்ன இருக்குன்னு நீங்க கேக்கல, ஆனா உங்க கேள்விக்கு அங்கதான் பதில் இருக்குன்னு நெனைக்கிறேன். 2023ல ரூகர் சூப்பர் ராங்லர் விட்டாங்க, எஃகு ஃப்ரேம், அஞ்சரை அங்குல பேரல், திருப்பக்கூடிய சைட், கூடவே மேக்னம் சிலிண்டர். ராங்லர்ல இருந்த ரெண்டு பெரிய குறை, சைட்டும் ஃப்ரேமும், ரெண்டும் சரியாப் போச்சு, வெல 617ல பாதியக்கூடத் தொடாது. சிங்கிள் சிக்ஸ் அதவிட அழகா இழைச்சது, கைல வச்சா வழவழன்னு இருக்கும், ஆனா பேப்பர்ல விழற ஓட்டைய மட்டும் பாத்தா அந்தக் கூடுதல் காசுக்கு ஏத்த வித்தியாசம் தெரியாது, அது கண்ணுக்கும் கைக்கும் குடுக்கற காசு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, முப்பது வருஷம் வச்சிருக்கப்போற சாமான் கைக்கு இதமா இருக்கணும்தானே.

மேக்னம் சிலிண்டர்னு சொன்னேன்ல, .22 மேக்னம் 1959ல வந்த வேற தோட்டா, நீளமும் அதிகம், அகலமும் அதிகம். சில துப்பாக்கில ரெண்டு சிலிண்டர் குடுப்பாங்க, மாத்தி மாட்டிக்கலாம். கேன் சுடறதுக்கு மேக்னம் தேவையில்ல, தோட்டா வெல பல மடங்கு, சத்தம் காதப் பிளக்கும். இதுல ரெண்டு விஷயம். மேக்னம் சிலிண்டர்ல எல்ஆர் தோட்டாவப் போட்டா தளதளன்னு உள்ள போகும், ஆனா சுட்டா கேஸ் உப்பி கிழிஞ்சு வாயு பின்னாடி வரும், செய்யவே கூடாது. ரெண்டாவது, மேக்னம் குண்டு எல்ஆர் குண்டவிட ஒரு மயிரிழை பெருசு, ரெண்டுக்கும் பொதுவான பேரல பெருசுக்கு ஏத்தாப்ல பண்ணுவாங்க, அதனால எல்ஆர் மட்டுமே சுடற 617 மாதிரி துப்பாக்கிக்கு அங்க ஒரு சின்ன சாதகம் உண்டு. பத்து மீட்டர்ல தெரியாது.

தோட்டா விஷயத்துல வேகம் அதிகமானா நல்லதுன்னு ஒரு நெனப்பு இருக்கு, ரிவால்வர்ல அப்படி இல்ல. 40 கிரெய்ன் எடை குண்டு, ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அட்டைல செகண்டுக்கு 1,070 அடின்னு போட்டிருக்கும், அது ரைஃபிள் பேரல்ல அளந்தது, ரிவால்வர்ல கணிசமா கொறையும், அது போதும். சத்தம் கம்மி, உதைப்பு இல்லவே இல்ல. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், அது ஏன்னு யோசிக்காம நாலஞ்சு வகை ஒவ்வொரு டப்பா வாங்கி மூட்டை மேல வச்சு சுட்டுப் பாருங்க, மலிவு துப்பாக்கி தனக்குப் பிடிச்ச தோட்டாவ வச்சு வெல கூடினதத் தனக்குப் பிடிக்காத தோட்டாவோட தோக்கடிச்சத என் கண்ணால பாத்திருக்கேன். ஐயாயிரம் குண்டு சுட்டு முடிச்சீங்கன்னா தோட்டாவுக்குப் போன காசு மலிவு துப்பாக்கியோட வெலையத் தாண்டியிருக்கும், அதனால துப்பாக்கில மிச்சம் பண்ணி தோட்டால போடறது தப்பான கணக்கு இல்ல. அப்புறம் ரிம்ஃபயர்ல வெடிக்காத தோட்டா அப்பப்ப வரும், மருந்து விளிம்பு முழுக்க சமமா பரவாததால. க்ளிக்னு மட்டும் கேட்டா முப்பது செகண்ட் டார்கெட் பக்கமே பிடிச்சிட்டு இருங்க, லேட்டா வெடிக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் அதே தோட்டாவ கொஞ்சம் திருப்பி வச்சு அடிச்சா பெரும்பாலும் வெடிச்சிரும்.

வீட்டுல காலித் துப்பாக்கில ட்ரிக்கர் பழகறது பத்தி. ரிம்ஃபயர்ல தோட்டா இல்லாம ஹாமர விட்டா சில துப்பாக்கில ஃபயரிங் பின் நேரா சிலிண்டர் ஓட்டையோட விளிம்புல போய் அடிக்கும், நாளடைவுல அங்க ஒரு சின்ன முண்டு எழும்பும், அப்புறம் தோட்டா உள்ள போகாது. ரூகர் தங்களோட சிங்கிள் ஆக்ஷன்ல காலியா விடலாம்னே சொல்றாங்க, ஸ்மித் .22ல வேண்டாம். சுவத்துல ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி சொருகற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் இருக்கு பாருங்க, அதுல .22 ஓட்டைக்கு ஏத்த அளவு கிடைக்கும், தலைப்பகுதி விளிம்புல சரியா உக்காரும், பின் அதுல போய் குத்தும். அஞ்சாறு அடிக்கு ஒரு தடவ கொஞ்சம் திருப்பி விடணும். அதப் போட்டு தினமும் பத்து நிமிஷம், டபுள் ஆக்ஷன் இழுப்பு ஒரே மாசத்துல பட்டு மாதிரி ஆகும், துப்பாக்கி மாறல, விரல் மாறியிருக்கும். தோட்டா டப்பா அந்த ரூம்லயே இருக்கக்கூடாது.

.22தானேன்னு காதுக்கு எதுவும் போடாம சுடறவங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. சின்ன பேரல் .22ஓட சத்தமே 140 டெசிபலத் தாண்டும், அந்த அளவுல ஒரே வெடி காதுக்குள்ள நிரந்தரமா ஒரு ரீங்காரத்த விட்டுட்டுப் போகலாம். கண்ணாடி உங்களுக்கு மட்டும் இல்ல, பக்கத்துல நிக்கறவருக்கும், சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல இருந்து வாயுவும் ஈயப்பொடியும் பக்கவாட்டுல பீச்சும். அந்த இடுக்கு பக்கத்துல இடது கை விரல் வரவே கூடாது, ரைஃபிள் சுட்டுப் பழகினவங்க தன்னறியாம அங்க கைய வைப்பாங்க. சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் டீயத் தொடணும்.

உங்களுக்கு நான் என்ன சொல்வேன்னா, பத்து பதினஞ்சு மீட்டர், மெதுவா, ஒரு நாளைக்கு நூறு குண்டு, இதான் ஆசைன்னா ராங்லர இப்பவே வாங்குங்க, ஒரு வருஷம் காசு சேக்கற நேரத்துல ரெண்டாயிரம் குண்டு சுட்டிருப்பீங்க, அந்தப் பழக்கம் 617 சும்மா கடை அலமாரில இருக்கறதால வராது. சைட்டத் திருப்பணும், இருபத்தஞ்சு மீட்டர் பாக்கணும்னா சூப்பர் ராங்லர். டபுள் ஆக்ஷன் கத்துக்கணும், பின்னாடி .38, .357ன்னு பெரிய தோட்டாவுக்குப் போகற எண்ணம் இருக்குன்னா காத்திருந்து 617, அதுல குறுக்கு வழி கிடையாது, ஆனா செகண்ட் ஹேண்ட் வழி உண்டு, ஸ்மித்தோட பழைய கே-22, மாடல் 17, 617 எல்லாம் தலைமுறை தாண்டி நிக்கற சாமான்.

செகண்ட் ஹேண்ட்னா கடைக்காரர் அனுமதி கேட்டு, சிலிண்டரத் தொறந்து காலின்னு கண்ணால பாத்து, விரலாலயும் தொட்டுப் பாத்துட்டு, இதச் செய்யுங்க. சிலிண்டர ஒரு விரலால லேசா உரசிப் பிடிச்சுக்கிட்டே ஹாமர மெதுவா, ரொம்ப மெதுவா இழுங்க, ஹாமர் முழுசா நிக்கறதுக்குள்ள சிலிண்டர் டக்குனு பூட்டிக்கணும், எல்லா ஓட்டைக்கும் பாக்கணும், ஒண்ணுல பூட்டலன்னாலும் டைமிங், அதாவது ஹாமரும் சிலிண்டரும் ஒத்துப்போற கணக்கு, போயிருச்சு. ஹாமர விடும்போது கட்டைவிரலால தாங்கி எறக்குங்க, காலியா அடிக்க விடாதீங்க. அப்புறம் சிலிண்டர முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க, லேசா ஒரு அசைவு இருக்கலாம், டொக் டொக்னு சத்தம் வரக்கூடாது. கடைசியா சிலிண்டரத் தொறந்து பின்பக்கம் ஒவ்வொரு ஓட்டையோட விளிம்பையும், ஃபயரிங் பின் விழற இடத்துல, நகத்தால தடவுங்க, முந்தினவர் காலியா அடிச்சுப் பழகியிருந்தா அந்த இடத்துல நகம் மாட்டும். ஒண்ணு ரெண்டுலன்னா மெக்கானிக் அதுக்குன்னு இருக்கற டூல் வச்சு நீவி சரி பண்ணிருவாரு, அதுக்கான காச வெலைல கொறைக்கச் சொல்லுங்க, எல்லாத்துலயும் மாட்டுச்சுன்னா வேற பீஸ் இருக்கான்னு கேளுங்க.